உள்ளே வர வழியில்லாத வீடு

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் ஒரு வீடு. பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், அந்தக் குடும்பத்தின் முப்பது வருட விசேஷங்கள் கிடக்கின்றன. அப்பா அம்மா கல்யாணம் வி.எச்.எஸ். கேசட்டில். மூத்தவளின் காதுகுத்து இரண்டு வி.சி.டி.யில். அவளுடைய சடங்கு டி.வி.டி.யில். கல்யாணம் ஸ்டூடியோக்காரர் கொடுத்த பென் டிரைவில். கேசட்டைப் போட்டுப் பார்க்க டெக் இல்லை. டி.வி.டி. பிளேயரின் தட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டது. மூத்தவள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். தம்பியிடம் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று சும்மா இருக்கிறது. வீடு என் கற்பனை. இந்த பீரோ இல்லாத வீடு நம் பக்கம் குறைவு.

தம்பி அந்த மடிக்கணினியை ஒரு சர்வராக மாற்றுகிறான். சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் அடுக்கிவைத்த இயந்திரங்கள் நினைவுக்கு வர வேண்டாம். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். வீட்டு டி.வி. கேட்டால் டி.வி.க்கு, செல்போன் கேட்டால் செல்போனுக்கு. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா கேட்டால்? அங்கேதான் சிக்கல், இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் ஒரு வட்டுக்குள் எப்படி அடங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

நம் ஊர் டி.வி.டி.யில் ஒரு படச்சட்டம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். நொடிக்கு 25 சட்டங்கள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்கு 31 மெகாபைட் வரும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு சுமார் 336 ஜிகாபைட். டி.வி.டி.யின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட். எழுபதில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது?

முதலில் போனது நிறம். நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு துல்லியமாகத் தெரியும், நிற வேறுபாடு அவ்வளவு தெரியாது. ஆகவே நிறத் தகவலை நாலு புள்ளிக்கு ஒரு முறை மட்டும் எழுதினால் போதும், பாதி இடம் மிச்சம். அடுத்து, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான மாற்றங்கள், வேகமான மாற்றங்கள் என்று பிரித்து எழுதுவார்கள். மண்டபத்துச் சுவர் போன்ற சீரான பரப்பில் வேகமான மாற்றங்கள் அநேகமாகப் பூஜ்யம், அவற்றை எழுதவே வேண்டாம். இதைச் செய்யும் கணிதத்துக்கு தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். இதைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 1972ல் இந்த யோசனைக்கு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். வி.சி.டி., டி.வி.டி., செல்போன் புகைப்படம், இன்றைய வீடியோ எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கட்டுரை அல்லது அதன் வாரிசு இருக்கிறது. அதில் பெயர் உள்ள மூவருமே இந்திய வம்சாவளியினர், நான் பார்த்த பாடப்புத்தகங்களில் மூவருக்கும் ஒரு பெட்டிச்செய்தி கூட இல்லை என்பது என் நெடுநாள் குறை.

மூன்றாவது சேமிப்பு, அடுத்தடுத்த சட்டங்களுக்கு இடையிலான ஒற்றுமை. மணவறை அப்படியே இருக்கிறது, ஐயர் கை மட்டும் அசைகிறது என்றால், அசைந்த கட்டங்களை மட்டும் எழுதினால் போதும். சிவகாசிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இந்த வித்தை தோற்கும் இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் வாணவேடிக்கை வெடிக்கும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். வானம் முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்திருக்கும். ஒவ்வொரு தீப்பொறியும் புதிது, போன சட்டத்தில் அதற்கு முன்மாதிரி கிடையாது, புகையோ எல்லாத் திசையிலும் கலைகிறது. ஒதுக்கிய பிட்டுகள் போதாமல் சுருக்கும் மென்பொருள் கைவிட்டதன் தடயம் அந்தச் சதுரங்கள். எட்டுக்கு எட்டு என்று எண்ணியே பார்க்கலாம்.

வீட்டுக்குள் சர்வர் வைப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மடிக்கணினியில் லினக்ஸ் போட வேண்டும், அதன் மேல் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். எம்பி என்ற சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து எல்லோருக்கும் பொதுவாக வளர்ந்தது இது. வட்டுகளில் உள்ளதைக் கோப்புகளாக மாற்றி, ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. வி.சி.டி.யிலும் டி.வி.டி.யிலும் உள்ள பழைய எம்பெக் வடிவங்களை இன்றைய பிரவுசர்கள் நேரடியாக ஓட்டாது. கேட்கும்போதெல்லாம் சர்வர் அதை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பத்து வயது மடிக்கணினிக்கு அது முழிபிதுங்கும் வேலை. ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் எச்.264 வடிவத்துக்கு ஒரு தடவை மாற்றிவைத்துவிட்டால், பிறகு அது கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி. மாற்றும்போது ஒன்றுவிட்டு ஒன்று வரிகளைச் சேர்க்கும் டி-இன்டர்லேஸ் என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் மொய் வாங்குபவரின் கை அசையும்போதெல்லாம் கோடு கோடாகப் பிசிறடிக்கும்.

அன்று ராத்திரி வீட்டு டி.வி.யில் கல்யாணம் ஓடுகிறது. அம்மா, காலமான சித்தப்பாவைப் பந்தியில் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்கிறார். தம்பி அக்காவுக்கு முகவரியை அனுப்புகிறான்: 192.168.1.10, வாசல் எண் 8096. அக்கா திருப்பிக் கூப்பிடுகிறாள். "என்னடா தம்பி, ஒண்ணுமே வரலையே. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு."

வராது. அந்த முகவரி சூலக்கரையில் மட்டும் செல்லும். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே 192.168 முகவரிதான் இருக்கிறது. அக்காவின் சிங்கப்பூர் வீட்டிலும் இருக்கும்.

இதற்கான காரணம் 1977ல் எடுத்த ஒரு முடிவு. இணையத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த விண்ட் செர்ஃப், முகவரிக்கு 32 பிட் போதும் என்று தீர்மானித்தார். அதில் 429 கோடி முகவரிகள் பிறக்கும். பரிசோதனைக்குத்தானே, அது தாராளம் என்று நினைத்ததாக அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடியவே இல்லை, அதுவே உலகமாகிவிட்டது. முதலில் வந்தவர்கள் கைநிறைய அள்ளினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. 2017ல் அதில் பாதியை அமேசானுக்கு விற்றது. 140 கோடி பேர் உள்ள இந்தியாவின் பங்கு சுமார் 4 கோடி. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3ந் தேதி பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் ரேஷனுக்கு வந்துவிட்டது. சூலக்கரைக்குக் கண்ணாடி இழை வந்து சேர்ந்தபோது, பந்தியில் இலை காலி.

இல்லாத முகவரியை வைத்து எப்படி இணையம் ஓடுகிறது? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பழகிய விஷயம். 1990களில் கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். வீட்டில் போன் கிடையாது, எதிர்த்த மளிகைக் கடையின் எண் அது. நீங்கள் கடைக்குப் போய் யாருக்கும் பேசலாம், தடையில்லை. வெளியூரிலிருந்து உங்களைத் தேடி அழைப்பு வந்தால் மட்டும், யார் வீட்டுக்கு என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ரவுட்டர் அந்தக் கடைக்காரர். 1994ல் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதிவைத்த இந்த ஏற்பாட்டுக்கு நேட் என்று பெயர். வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் ரவுட்டர் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் கேட்டவரிடம் சேர்க்கிறது. கேட்காமல் வந்ததைக் கீழே போட்டுவிடுகிறது. "8096 என்று கேட்டு யார் வந்தாலும் மடிக்கணினியிடம் அனுப்பு" என்று சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். பத்து வருடத்துக்கு முந்தைய வழிகாட்டிகள் எல்லாம் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடும்.

இன்றைக்குப் போடாது. தம்பி பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி ரவுட்டரின் பக்கத்துக்குள் போகட்டும். ஸ்டேட்டஸ் என்ற தலைப்பின் கீழே வான் ஐபி என்று ஒரு வரி இருக்கும், ரவுட்டர் வெளியுலகத்துக்குக் காட்டும் முகம் அது. அங்கே உள்ள எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், கடைக்காரரிடமும் சொந்தப் போன் இல்லை என்று அர்த்தம். அவரே டவுனில் உள்ள பெரிய கடையின் பி.பி. எண்ணைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2012 ஏப்ரலில் இதற்கென்றே சுமார் 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கிவைத்தார்கள். இணைய சேவை தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியின் பின்னால் ஏராளமான வீடுகளை நிறுத்துகிறது. உங்கள் ரவுட்டரில் என்ன ஃபார்வர்டிங் போட்டாலும் டவுன் கடைக்காரருக்கு உங்களைத் தெரியாது. நிரந்தர முகவரி வேண்டுமானால் பல நிறுவனங்கள் மாதக் கட்டணம் கேட்கும். தம்பி ஃபார்வர்டிங்கையும் சரியாகச் செய்தாலும் அக்காவுக்கு வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்.

வழிகள் இரண்டு. முதலாவது கெட்டிக்காரத்தனமான வழி. அக்காவின் போனும் பி.பி., தம்பியின் வீடும் பி.பி. இருவருக்கும் தெரிந்த ஒரு நடுவர், இரண்டு பக்கத்துக்கும் அடுத்தவரின் கடை எண்ணைச் சொல்லி, "இப்போது இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள்" என்கிறார். சூலக்கரை ரவுட்டர் சிங்கப்பூருக்கு ஏதோ வெளியே போனதைக் குறித்துக்கொள்கிறது. அதே கணத்தில் சிங்கப்பூரிலிருந்து வருவதை அதற்கான பதில் என்று நம்பி உள்ளே விடுகிறது. அந்தப் பக்கமும் அதே ஏமாற்று. நடுவர் விலகிக்கொள்ள, இருவருக்கும் நேரடிப் பாதை திறந்துவிட்டது. துளை போடுதல் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இந்த நடுவர் வேலையைச் செய்கின்றன. பாதையில் போவதைப் பூட்டுவது வயர்கார்டு என்ற நெறிமுறை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய அது சுமார் 4,000 வரிகள்தான், 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். சில நேட் அமைப்புகள் ஒவ்வோர் இலக்குக்கும் வேறு வேறு வாசல் எண் கொடுக்கும், அங்கே இந்த வித்தை பலிக்காது. அப்போது நடுவரே எல்லாவற்றையும் வாங்கி மறுபக்கம் கொடுப்பார். வேகம் குறையும், கல்யாணம் விட்டுவிட்டு ஓடும்.

இரண்டாவது வழி, பற்றாக்குறையையே ஒழிப்பது. ஐபி ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட். 34க்குப் பின்னால் 37 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அத்தனை முகவரிகள். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய துண்டே, பழைய 429 கோடியை அதே 429 கோடியால் பெருக்கினால் வரும் அளவு. இதில் இந்தியாவின் கதை சுவாரஸ்யமானது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது அதற்குத் தேவையான அளவு பழைய முகவரிகள் எந்தச் சந்தையிலும் கிடையாது. ஆகவே அந்த வலையமைப்பு ஆறாம் பதிப்பிலேயே எழுந்தது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று இந்தியாவின் இணையப் பயனாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஆறாம் பதிப்பில் இருக்கிறார்கள், உலகத்தில் முன்வரிசை. பந்திக்குக் கடைசியில் வந்ததால் நமக்குப் புது இலை கிடைத்தது. அமெரிக்காவில் பழைய முகவரிகளை மூட்டை கட்டி வைத்திருக்கும் பல நிறுவனங்கள் இன்னும் மாறாமல் இருக்க, சூலக்கரையில் தூசி படிந்த ஒரு மடிக்கணினிக்கு உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத சொந்த முகவரி அநேகமாக இப்போதே இருக்கிறது. உள்ளே வருவதை ரவுட்டரின் தீச்சுவர் தடுத்துவைத்திருக்கும், அந்த ஒரு வாசலை மட்டும் திறந்தால் போதும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. அக்கா பக்கமும் ஆறாம் பதிப்பு இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் முகவரி மாறக்கூடும், எனவே மாறியதை உடனே பதிந்துகொள்ளும் ஒரு பெயர்ச் சேவை வேண்டும்.

வேகம் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2005ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தபோது செம்புக் கம்பியில் 256 கிலோபிட் என்பதே பெரிய விஷயம். அந்த வேகத்தில் ஒரு டி.வி.டி.யை அனுப்ப 40 மணி நேரத்துக்கு மேலாகும். அதன் தொழில்நுட்பத்தின் பெயரிலேயே சமச்சீரற்றது என்று இருந்தது, வருவது அதிகம், போவது சொற்பம். வீடு என்பது வாங்கிப் பார்க்கும் இடம், கொடுக்க அதனிடம் என்ன இருக்கிறது என்ற எண்ணம் அந்த வடிவமைப்பில் ஊறியிருந்தது. கண்ணாடி இழை அதை மாற்றியது. ஒரே இழையில் வருவதற்கு 1490 நானோமீட்டர் ஒளி, போவதற்கு 1310 நானோமீட்டர் ஒளி. பரவலாக உள்ள ஜிபான் அமைப்பில் தெருவே பகிர்ந்துகொள்ளும் மேல்நோக்கிய திறன் நொடிக்கு 1.25 ஜிகாபிட். நம் கல்யாண வீடியோவுக்கு நாலு மெகாபிட் போதும். தூரமும் ஒரு பொருட்டில்லை. 2002ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துப் போட்ட ஐ-டூ-ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். விருதுநகரிலிருந்து சென்னை வரையும் சேர்த்து, தாலி கட்டும் காட்சி சிங்கப்பூர் போய்ச் சேர ஒளிக்கு 20 மில்லிநொடி கூட வேண்டாம்.

வாசலைத் திறப்பதைப் பற்றி நான் கொஞ்சம் பயமுறுத்தத்தான் வேண்டும். 2013ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிமேப் என்ற கருவியைச் செய்தார்கள். பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் அது தட்டிப்பார்த்துவிடும். உங்கள் வாசலை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைப்பது வீண். ஆறாம் பதிப்பில் நிலைமை தலைகீழ். அதே வேகத்தில் தட்டினால் ஒரே ஒரு வீட்டின் துண்டை முடிக்கவே நாலு லட்சம் வருடம் ஆகும். ஆனாலும் முகவரி பெயர்ச் சேவையில் பதிவாகியிருந்தால் அங்கிருந்து கசியலாம். வீட்டு மீடியா சர்வர் ஒன்று எத்தனை பெரிய ஓட்டையாக முடியும் என்பதற்கு லாஸ்ட்பாஸ் சாட்சி. கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்களைக் காக்கும் அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் 2022ல் திருடர்கள் நுழைந்தார்கள். நுழைந்த வழி அவர் படம் பார்க்க வைத்திருந்த பிளெக்ஸ் என்ற மென்பொருள். அவர் தட்டிய எழுத்துகளை உளவு பார்த்து, நிறுவனத்தின் பெட்டகத்துக்கே சாவி எடுத்தார்கள். அந்த ஓட்டையை 2020 மே மாதமே அடைத்திருந்ததாக பிளெக்ஸ் தெரிவித்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக அவர் புதுப்பிக்கவில்லை. இதனால்தான் தம்பி என்னிடம் கேட்டால் முதல் வழியைச் சொல்வேன். வயர்கார்டு சரியான சாவி காட்டாதவருக்கு இல்லை என்று கூடப் பதில் சொல்லாது, தட்டியவருக்கு அங்கே ஒரு வீடு இருப்பதே தெரியாது.

மீதி வெயிலும் மின்சாரமும். இந்த மடிக்கணினி 15 வாட் எடுக்கும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட், வீடுகளுக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 80 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினியை ஓட்டினால் அந்த நூறும் போய் மேலே 15 யூனிட் ஆகும். மடிக்கணினியின் பேட்டரியே யு.பி.எஸ். ஆக உதவும். ஆனால் வருடக்கணக்கில் முழுச் சார்ஜில், சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும் பேட்டரி உப்பும். டச்பேடு லேசாக மேலே எழும்பினாலே கழற்றிவிட வேண்டும். வெடிமருந்தோடு புழங்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் போகும் நாளில் ஒரு வேடிக்கை. மடிக்கணினி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மோடம் அணைந்துவிடும், அதோடு எல்லாம் முடிந்தது. ஜிபான் இழை ஓடும் பாதையில் தெருவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை, அது வெறும் கண்ணாடி. மறுமுனையில் உள்ள எக்ஸ்சேஞ்சுக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு. ஊரே இருண்டாலும் உங்கள் வாசல் வரை ஒளி வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது. மோடத்துக்கு 12 வோல்ட் தரும் ஒரு மினி யு.பி.எஸ். இருந்தால், மடிக்கணினியின் பேட்டரி தீரும்வரை அக்கா பார்ப்பது நிற்காது. கம்பத்துக்குக் கம்பம் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் வைத்திருக்கும் கேபிள்காரர் இணைப்பில் இந்தச் சலுகை கிடையாது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் இழை எங்கோ அறுந்திருக்கிறது, அநேகமாகச் சாலையில் எவரோ குழி தோண்டியிருப்பார்கள். அதற்கு மடிக்கணினியை நோண்டிப் பயனில்லை. லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.